வீட்டுக்குக் கீழே வானம்

யாகுட்ஸ்க் நகரில் வீடு கட்ட வருகிறவர்
முதலில் கற்க வேண்டியது
குளிரைத் தடுப்பதை அல்ல,
நம் சூட்டை மண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதை.

முந்நூறு மீட்டர் ஆழத்துக்கு உறைந்து கிடக்கிறது தரை.
பாறைதான். ஆனாலும்
ஒரு குடும்பத்தின் சமையல், குளியல், காய்ச்சல்
விடாமல் கசிந்தால் கஞ்சியாகிவிடும்.
ஆகவே கட்டடங்கள் கான்கிரீட் கால்களில் நிற்கின்றன,
ஆற்றில் இறங்கப் போகிறவர்கள்
வேட்டியை மடித்துக் கட்டியதுபோல.
அடியில் ஆள் குனிந்து போகும் உயரத்துக்கு
வெறும் காற்று.

கடைகாலுக்குத் தோண்டும் பள்ளத்தை
நம் கொத்தனார்கள் வானம் என்பார்கள்.
இங்கே வானத்தைத் தோண்டுவதில்லை.
விட்டுவைக்கிறார்கள்.

துயாரா யெகோரோவாவுக்குத்
தரையின் காய்ச்சலைப் பார்க்கும் வேலை.
பத்து மீட்டர் குழாயில் உணர்கருவிக் கயிற்றை இறக்கி
பென்சிலால் குறிக்கிறாள்
(இந்தக் குளிரில் பேனா ஊமை).
மைனஸ் நாலு.
மைனஸ் மூன்று புள்ளி எட்டு.
பதினேழாம் எண் கட்டடம், ஈசானி மூலை:
மைனஸ் புள்ளி மூன்று.
கயிற்றை உருவி மறுபடி இறக்கினாள்.
அதே புள்ளி மூன்று.

குனிந்து உள்ளே போனால்
காற்றின் வழியைப் பலகையால் அடைத்திருந்தது.
நேர்த்தியான வேலை.
இடுக்குகளில் பழைய கோட்டின் துண்டுகள், குதிரைமுடி.
நடுவில் ஒரு நாய்,
உலகத்தில் ஒரு குறையும் இல்லாமல்.

தரைத்தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கதவுகள்.
மூன்றாவதைத் திறந்தவன் கெஸ்கில்,
கொதிகலன் ஆலையில் இரவு வேலை.
பிள்ளைக்கு ஒன்பது மாதம், தவழ்கிறது.
"தரை சில்லிட்டது. அடைத்தேன்."

அவள் பதில் சொல்லவில்லை.
பென்சிலைத் தரையில் வைத்தாள்.
அது கொஞ்சம் யோசித்தது,
பிறகு ஜன்னலைப் பார்க்க உருண்டது.
பிள்ளை கெக்கலித்துக்கொண்டு பின்னால் போனது.
கெஸ்கில் சிரிக்கவில்லை.
பந்து ஏன் எப்போதும் அந்த மூலையிலேயே கிடைக்கிறது என்று
அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.
மேலே அறுபத்து நாலு குடும்பங்கள்
இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் சத்தம்.

அபராதப் படிவம் கையில் இருந்தது.
அதைத் திருப்பிப் போட்டு வரைந்தாள்:
தரைமேல் ஒரு தரை,
இடையில் ஒரு சாண் கம்பளி நார்,
மேலே பலகை. புதிதாக வாங்க வேண்டாம்,
அடியிலிருந்து கழற்றுகிறாயே, அதே பலகை.
"கதவு இடிக்கும்" என்றான்.
"சீவு" என்றாள்.

சனிக்கிழமை பலகைகள் கழன்றன.
ஐம்பது டிகிரி குளிர்
வீட்டுக்கு அடியில் வேலைக்குத் திரும்பியது.
நாய் வெளியே வந்து
அவளை ஒரு பார்வை பார்த்தது.
அதற்கென்று எதுவும் வரையவில்லை அவள்.

ஏப்ரலில் அந்த மூலை மைனஸ் ஒன்று புள்ளி ஒன்று.
சாய்ந்தது நிமிரவில்லை.
நிமிரும் என்று அவள் சொல்லவும் இல்லை.
சாய்வது நின்றது, அவ்வளவுதான்.
கெஸ்கில் வீட்டு மேசையின் ஒரு காலுக்கு அடியில்
நாலாக மடித்த படிவம்.

இரண்டாம் கதவுக்கும் மூன்றாம் கதவுக்கும் நடுவில்
இப்போது நாய் படுக்கிறது.
அந்த இடத்துக்கு
எந்த வரைபடத்திலும் பெயர் இல்லை.