சில்லறைத் துண்டுகள்

வலது காலில் மூன்று இடம் முறிவு.
மானிப்பாய்ச் சந்தியில் மிதிபலகையில் நின்று
"இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ" என்று
கத்தின வாய் மூடமுதல்
தெருவில் கிடந்தேன்.
பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்து
பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்:
நான்கு மாதம் கால் நிலத்தில் படக்கூடாது.

நாளுக்கு எட்டு நடை ஓடினவனுக்கு
கட்டிலிலிருந்து குசினி வரை
ஊன்றுகோலில் பதினொரு எட்டு.
முதற் கிழமை ரீவி.
இரண்டாம் கிழமை முகட்டு ஓடு எண்ணினேன்.
மூன்றாம் கிழமை தவறூபியோடு கொழுவல்,
உப்புக் கூடினதுக்கு,
பிறகு உப்புக் குறைந்ததுக்கு.

அவள் பதில் சொல்லவில்லை.
மெஷினை நிறுத்தினாள்.
காலடியில் கிடந்த உரப்பையைத் தூக்கி
என் மடியில் கவிழ்த்தாள்.
வெட்டி விழுந்த துண்டுகள்:
சட்டைத் துணி, சாமத்தியவீட்டுப் பட்டு,
பள்ளிக்கூட வெள்ளை.
"நிறம் நிறமாப் பிரியுங்கோ.
கை சும்மா இருக்கிறதாலதான் வாய் ஓடுது."

பிரித்தேன்.
இருபத்திரண்டு வருசம்
நோட்டை நீளவாக்கில் மடித்து
விரலிடுக்கில் செருகின கை,
நித்திரையிலும் பிரிக்கும்.
எல்லாம் பிரித்து முடிந்ததும்
ஊசி கேட்டேன்.
அவள் சிரித்தது பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும்.

முதல் தையல் கோழி கிண்டினது போல.
இரண்டாவது விரலோடு சேர்த்து.
வெள்ளிக்கிழமையளவில் ஒரு கட்டம்
கட்டமாகவே நின்றது.
பிறகு நான்கு. பிறகு பதினாறு.
நூல் துணியைக் கடக்கும்போது ஒரு சத்தம்,
சத்தம் என்றும் சொல்ல ஏலாது,
அதைக் கேட்டுக்கொண்டிருந்தால்
கால் நோவு எங்கேயோ ஒரு தரிப்பில்
காசு கொடாமல் இறங்கிப் போய்விடும்.

வைகாசி வெக்கை. கரண்ட் இல்லை.
பார்க்க வந்த றைவர் குலசிங்கம்
என் மடியைப் பார்த்தான்,
நின்றுபோன ஃபானைப் பார்த்தான்.
"யாழ்ப்பாணத்தில ஆருக்கடா இந்த மொத்தத்தில போர்வை?"
ஆருக்கென்று நான் யோசிக்கவில்லை.
விடியக்காலை முதல் பஸ்
ஆள் பார்த்தா வெளிக்கிடுகிறது?

எனக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றே ஒன்று.
யாழ்ப்பாணம் இந்த மூலை, காரைநகர் அந்த மூலை.
ஆனைக்கோட்டைக்கு
நல்லெண்ணெய் நிறத்தில் ஒரு பட்டு.
சண்டிலிப்பாயில் ஏறும் ரீச்சருக்கு ஊதா,
அவவின் சட்டை வெட்டின மிச்சமேதான்.
மானிப்பாயை மட்டும் இரண்டு நாள் தைக்காமல் விட்டேன்.
சிவப்பைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தேன்.
கடைசியில் சும்மா ஒரு சாம்பல் கோட்டுத் துணி.

பொன்னாலை தாண்டினால் பாலம்.
இரு பக்கமும் கடல், கடலுக்கு நீலம் இல்லை.
உரப்பையை உதறியும் இல்லை.
"வாங்கித் தரட்டோ?" என்றாள்.
வேண்டாம் என்றேன்.
மத்தியான நடையில் அந்தக் கடல்
எந்த நாள் நீலமாயிருந்தது?
கண் கூசக் கூச வெள்ளை.
சீருடைத் துணியை எடுத்தேன்.

ஆவணியில் கிளினிக்கில் படம் பார்த்து
கால் ஊன்றலாம் என்றார்கள்.
பின்னேரம் கதிரையைப் பிடித்து எழும்பினேன்.
போர்வையும் என்னோடு எழும்பியது.
மூளாயிலிருந்து பாலத்தின் நடுவரை
சாரத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

தவறூபி கத்தரிக்கோலோடு குந்தினாள்.
சிரிப்பில் அவளுக்குக் கை நிற்கவில்லை.
பிறகு சிரிப்பு நின்றது.
பின்பக்கத்தைத் திருப்பி
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்,
வாடிக்கையாளரின் துணியைப் பார்ப்பதுபோல.
"தையல் நேராயிருக்கு," என்றாள்.
"பிரிக்க மனமில்லை."

சாரத்தை வெட்டினாள்.

தொடையில் ஒரு சாண் ஓட்டை, காற்று வருகிறது.
வெட்டின துண்டு இன்னும் அங்கேதான்,
வெள்ளைக் கடலுக்கு அடிப்பக்கம்.
காரைநகருக்கு
இன்னும் ஆறு கட்டம்.