முறம்

மாநாட்டு மலருக்கு
மாவட்டக் கட்சி வரலாறு வேண்டுமாம்.
இரண்டு பக்கம். வெள்ளிக்கிழமைக்குள்.
"தோத்ததையெல்லாம் இழுக்காதீங்கண்ணே" என்றான்
சேலத்திலிருந்து பேசிய தம்பி.

தோற்றதை எடுத்துவிட்டால்
அரைப்பக்கம் தேறாது.

ராயக்கோட்டையில் தக்காளி மண்டிக்கு மேல்மாடி,
எங்கள் அலுவலகம்.
அழுகல் வாடைக்கு நடுவே
தீர்மானப் புத்தகம் மூன்று, ரசீதுக் கட்டு பதினொன்று.
எழுபத்தைந்து, எழுபத்தாறை எலி தின்றிருந்தது.
பாதகமில்லை.
அந்த இரண்டு வருடமும் கூட்டமே நடக்கவில்லை.
எலிக்குக் கிடைத்தது வெறுந்தாள்.

அறுபத்தெட்டு கார்த்திகையில் முதல் கூட்டம்.
தருமபுரி மாவட்டத்துக்கே அப்போது மூன்று வயது.
வந்தவர்கள் பதினேழு பேர்.
சண்டை தெலுங்கில், சமாதானம் கன்னடத்தில்,
தீர்மானம் தமிழில்.

ஏர் கேட்டோம்.
முறம் கொடுத்தார்கள்.
'பொம்பளைங்க சாமானத்துக்கு எவன்யா ஓட்டுப் போடுவான்'
என்று நஞ்சேகவுடு வெளிநடப்பு.
மறுநாள் ஒரு ரூபாய் சந்தா கட்டி
பதினெட்டாவது உறுப்பினரானார்
அவர் மனைவி முனிலட்சுமி.

ஒரே ஒரு தடவை ஜெயித்தோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில்.
திம்மராயன் சென்னைக்குப் பஸ்ஸில் போனார்.
டிக்கெட்டுக்கு வசூலித்த ரசீதுகூட இருக்கிறது.
பதினாலு மாதம் கழித்து
வேறு கட்சியில்
காரில் திரும்பினார்.

அப்புறம் பிளவு.
கொடியில் மஞ்சள் மேலேயா கீழேயா என்று ஒன்று.
ஏன் என்று யாருக்குமே நினைவில்லாத இன்னொன்று.
'புடைத்தோம், பதர் போயிற்று'
என்று நோட்டீஸ் போட்டோம்.
எதிரணி நோட்டீஸிலும் அதே வரி.
இரண்டும் ஒரே அச்சகம்.
கோர்த்த எழுத்தைக் கலைக்காமல்
பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்
அச்சாபீஸ் தாவூத்.
இரண்டு பக்கமும் முழுக்கூலி.

ரசீதுகளைப் புரட்டினால்
மூன்று அணியிலும் முனிலட்சுமி.
மூன்றிலும் ஒரு ரூபாய்.
கையெழுத்து இடத்தில் அதே ரேகை.
இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இரண்டாயிரத்து நாலில்
எங்களைக் கேட்காமலே மாவட்டம் இரண்டாயிற்று.
பாலக்கோட்டிலிருந்து டெம்போ எடுத்து வந்தார்கள்.
நாற்காலி இருபதில் பத்து.
மைக் குழல் அவர்களுக்கு, ஆம்ப்ளிஃபயர் எங்களுக்கு.
அன்றிலிருந்து
இரண்டு மாவட்டமும் வாடகைக்குத்தான் பேசுகிறது.
பந்தல்காரர் பாக்கி யாருடையது என்று
பேச்சுவார்த்தை தொடர்கிறது.
பந்தல்காரர் தொடரவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார்.

நேற்று இரவு கரண்ட் போனபின்
செல்போன் வெளிச்சத்தில் முதல் பக்கத்தைப் படித்தேன்.
தீர்மானம் ஒன்று:
'ஏரிக்கு மதகு கட்டித் தர
இக்கூட்டம் அரசை வற்புறுத்துகிறது.'

மஞ்சளை மேலே வைத்தவர்களும் அதையே போட்டிருந்தார்கள்.
கீழே வைத்தவர்களும்.
மாவட்டம் பிரிந்த மறுவாரம்
ஏரி இல்லாத பக்கம் போனவர்களும்கூட,
பழைய பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

மதகு வரவில்லை.

இதைத் தோல்வியில் சேர்ப்பதா
கொள்கையில் சேர்ப்பதா?
தம்பிக்கு மூன்று தடவை போன் போட்டேன்.
மாநாட்டு வேலையில் இருக்கிறான்,
எடுக்கவில்லை.