விழாத கணக்கு

இருபத்தொன்பது வருடம்
கடலோரக் கப்பலின் சமையலறையில்
மீன் சூப் அண்டா தூக்கி நடந்தவள் நான்.
நிறைந்த அண்டா, நிற்காத தரை.
ஒரு சொட்டும் தளும்பியதில்லை
என்றால் பொய்.
ஒரே ஒரு முறை. அதுவும் கேப்டன் மடியில்.

கடைசியில் நான் விழுந்தது
ட்ரொம்சோவில், என் வீட்டுக் குளியலறையில்,
அசையாத தரையில்,
இடது காலுறை மாட்டும்போது.

கடல் சொல்லிவிட்டுத்தான் சாய்க்கும்.
தட்டுகள் முதலில் முனகும்,
கொக்கியில் கரண்டி ஆடும்,
முழங்கால் தானே நெகிழ்ந்துகொள்ளும்.
வீட்டுத் தரை ஊமை.

இப்போது செவ்வாய்தோறும்
ஓடுபட்டை மேல் நிற்கிறேன்.
கூரையிலிருந்து ஒரு வார் மார்பைக் கட்டியிருக்கிறது,
துறைமுகத்தில் மாடு இறக்குவார்களே, அப்படி.
சன்னிவா பொத்தானை அழுத்துவாள்.
எப்போது என்று சொல்லமாட்டாள்.
வெடுக்கென்று பட்டை பின்னே ஓடும்.

"கால் வருகிறது, கூத்னி.
கிளம்பத்தான் தாமதம்."
திரையில் கோடு காட்டுகிறாள்.
உள்காதுக்கும் பாதத்துக்கும் நடுவில் எங்கோ
என் செய்தி வரிசையில் நிற்கிறது.
அகலமாய் ஓர் எட்டு போதுமான இடத்தில்
நான்கு வைக்கிறேன், கோழிக்குஞ்சு போல.
பயந்தால் இன்னும் மோசம்.
உடம்பு பலகையாகிவிடும்.
பலகைக்கு மடங்கத் தெரியாது.

பக்கத்துப் பட்டையில் ஆஸ்மண்ட், எண்பத்து நான்கு.
சர்க்கரை நோய். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே
பஞ்சு வைத்தாற்போல் இருக்கிறதாம்.
வார் தாங்கிப்பிடிக்கும் ஒவ்வொரு முறையும்
"மன்னிக்கவும்" என்பார், இயந்திரத்திடம்.
நவம்பரிலிருந்து வரவில்லை.
இடுப்பு என்றார்கள்.
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் ராவிளக்கு வந்துவிட்டது.
குளியலறையில் கைப்பிடி,
மகன் திருகியது, கொஞ்சம் கோணல்.
பெர்கனில் வாங்கிய கம்பளத்தைச் சுருட்டி
மாடிக்கு அனுப்பியாயிற்று.
விழுந்த காயத்தைவிட அது வலித்தது.

நேற்று மதியம் இரண்டு மணி, நல்ல இருட்டு.
கூட்டுறவுக் கடை வாசலில்
மழை பெய்து உறைந்த பனி.
காலணிக்கு மாட்டும் இரும்பு முட்கள் வீட்டில்.
பெருமைதான், வேறென்ன.
கையில் பால், உருளைக்கிழங்கு.
வலது கால் போய்விட்டது.
போன அதே நொடியில்
இடது கால், நான் சொல்லாமலே,
எட்டி, அகலமாய், ஊன்றிக்கொண்டது.
ஒரே எட்டு.
பெட்டிக்குள் பால் தளும்பும் சத்தம் கேட்டது.
ஒரு கடற்காகம் பார்த்தது. வேறு யாருமில்லை.

மாதக் கடைசியில் தாள் அனுப்பவேண்டும்.
எத்தனை முறை விழுந்தீர்கள்?
எங்கே? தூக்கியது யார்?
விழாமல் போனதற்குக் கட்டமே இல்லை.
ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதினேன்:
திங்கள், கடை வாசல், ஒன்று.

சன்னிவா தப்பாய்ப் படித்திருக்கவேண்டும்.
தொலைபேசி அடிக்கிறது, நிற்கிறது,
பதறிப் பதறி மறுபடி அடிக்கிறது.
இதோ எழுகிறேன்,
மேசையைப் பிடித்துக்கொண்டு.
அடிக்கட்டும்.