தொண்ணூறாம் நாள்

ஏழு நாள் முன்னே பின்னே இருக்கலாம் என்பது விதி.
அஞ்சலாட்சிக்கு இன்று தொண்ணூற்று நாலு.
கோரிமேட்டில் பஸ் ஏறினேன்.
ஆல்பேட்டை சோதனைச் சாவடியில்
பாட்டில் தேடி என் பையைத் துழாவிய காவலர்
படிவக்கட்டைப் பார்த்துவிட்டு
"டீச்சரா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
மார்க் போடப் போகிறவள்தானே.

எங்களுக்கு ஏழே எண்கள்.
பூஜ்யம், நோயே வராதது போல.
ஐந்து, படுக்கை.
ஆறு போடுவதுதான் சுலபம்.
போன மாதம் நெல்லிக்குப்பத்துக்குப் போன் செய்தேன்,
"அது போயி பதினோரு நாளாச்சும்மா" என்ற ஓர் ஆள்
பிறகு இருபது நிமிடம்
மாட்டுக்கு இனி யார் வைக்கோல் போடுவது என்று
என்னிடம் யோசனை கேட்டார்.
படிவத்தில் அதற்கெல்லாம் சேர்த்து ஒரு கட்டம், ஒரு டிக்.

உப்பனாற்றைத் தாண்டிச் சோனங்குப்பம்.
இருபத்தாறு வருடம் மீன் ஏலம் கூறியவர்.
ஐப்பசியில் ஒரு விடியற்காலை,
கூடைகளுக்கு நடுவே நின்றபடி
முதலில் வலது கை, அப்புறம் வாய்.
மூளையின் இடப்பக்கம்
எலுமிச்சம்பழ அளவுக்கு ரத்தம்.
அன்று ஊசியில் ஏறியது மருந்தா, வெறும் உப்புத் தண்ணீரா,
எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.
தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

தனியாகக் குளிப்பீர்களா?
தலையாட்டுகிறார்.
துணை இல்லாமல் கடைக்கு?
"எங்க போறது" என்கிறார் கணவர் தேசிங்கு.
"நாலுன்னு எழுதுங்கம்மா, உதவித்தொகைக்கு ஆவும்."
இது அந்தப் படிவம் இல்லண்ணே.
"அப்ப எதுக்கு?"
இனிமே வரப்போறவங்களுக்கு, என்றேன்.
அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்,
யாரோ வந்துவிட்டது போல.

முன்பு செய்த வேலையெல்லாம்
இப்போது செய்ய முடிகிறதா?
ஒரே குரலில் கேட்க வேண்டும், ஏற்ற இறக்கம் கூடாது.
இந்த ஒரு கேள்விக்கு மட்டும்
பயிற்சியில் முக்கால் மணி நேரம்.

எழுந்து போனார்,
வலது கால் தரையில் அரைவட்டம் வரைய.
அலுமினியத் தட்டில் நாலு சங்கரா.
என் முன்னால் வைத்தார்.
கணவர் பெயர் வராத வாய்,
தண்ணியைக் காட்டினால் கதவு என்ற வாய்
"நூறு" என்றது.
நூத்திப்பத்து. நூத்தியிருவது. நூத்திமுப்பது.
தேசிங்கு எழுந்து நின்றுவிட்டார்.
நூத்திநாப்பது, என்றேன். வேறு யார் கேட்பது?
"ஒரு தரம்.
ரெண்டு தரம்."

அங்கே நின்றது.
உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது.
எடுத்துக் கொடுக்கக் கூடாது.
தேசிங்குவின் வாய் சத்தமில்லாமல்
குவிந்து குவிந்து மூடியது.
ஆற்றில் போன விசைப்படகின் இரைச்சல்
முகத்துவாரம் தாண்டி அடங்கும் வரை
மூன்று பேரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அப்புறம் சிரித்துவிட்டார்,
தட்டை என் பக்கம் தள்ளினார்.

இருநூறு கொடுத்தேன்.
இடது கையால் ஐம்பதும் பத்துமாக
மீதி வந்தது, சரியாக.

இரண்டென்றால் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார்.
மூன்றென்றால் ஓர் ஆள் வேண்டும்.
நடுவில் சந்தேகம் வந்தால்
மோசமானதை எழுது என்கிறது கையேடு.
பேனாவால்தான் எழுத வேண்டும்.
அவருக்கு வராத எண்ணை எழுதி
ஏலத்தை நான் முடித்தேன்.

திரும்பும்போது யாரும் பையைச் சோதிப்பதில்லை.
பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.
மீன் பொட்டலத்து ஐஸ் உருகி
மேல் தாளில் இறங்கியிருந்தது,
மூன்றின் அடிவளைவு நீலமாய்க் கரைந்திருந்தது.

நாளைக்குக் கணினியில் ஏற்றும் பையன்
போன் செய்து கேட்பான்,
மேடம், சோனங்குப்பம் கேஸ்,
இது ரெண்டா, மூணா?