இருநூற்றுப் பன்னிரண்டாம் கொக்கி

எனக்கு இசை தெரியாது. கோட்டுகள் தெரியும்.
உட்ஜ் நகரத்தில், தறி நின்றுபோன ஓர் ஆலையின்
சாயக் கிடங்கில் நடக்கும் கிளப்பின் வாசலில்
முப்பது குளிர்காலமாக
அடுத்தவர் உடல்சூட்டை வாங்கி மாட்டுகிறேன்.

டெக்னோ வளர்ந்ததா செத்ததா என்று
பத்திரிகைக்காரர் யாரும் என்னிடம் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் டோக்கன் புத்தகத்தை நீட்டியிருப்பேன்.

தொண்ணூற்று மூன்று: ஓர் இரவுக்கு நாற்பது கோட்டு.
பாதி அப்பாக்களுடையது, அக்குளில் ஒட்டுப்போட்டது.
தொண்ணூற்றெட்டு: எள் போட்டால் எள் விழாது.
ஒரு கொக்கிக்கு மூன்று பேர்.
பெர்லின் பையனின் தோல்சட்டைமேல்
ரீகாவிலிருந்து வந்தவளின் கம்பளி,
அதன்மேல் குருமடத்து மாணவன் ஒருவனின் கறுப்பு மேலங்கி.
பெயர் சொல்லமாட்டேன், இப்போது பெரிய பங்கில் இருக்கிறார்.

சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது
எனக்கு இரும்பு வழியாகத்தான் வரும்.
கொக்கிகள் நடுங்கும். எண்ணப் பழகிவிட்டேன்.
நிமிடத்துக்கு நூற்று முப்பது என்றால் ஒழுங்கான இரவு.
நூற்று எழுபதைத் தாண்டினால்
மொட்டைத்தலைகள், அறுந்த பொத்தான்கள்,
படிக்கட்டில் வாந்தி.
டிரான்ஸ் கொடிகட்டிய வருடங்களில்
கொக்கிகள் திடீரென்று மூச்சைப் பிடிக்கும்,
பிடித்துக்கொண்டே இருக்கும்,
நானும் யாருடைய டோக்கனையோ கையில் வைத்தபடி நிற்பேன்,
பிறகு மொத்தமும் ஒன்றாக இறங்கும்.
அது மட்டும், சரி, பிடித்திருந்தது.

அந்த வெள்ளி நிற ஜாக்கெட்
தொண்ணூற்றொன்பது பிப்ரவரியில் வந்தது. எண் 212.
விடிந்தும் எடுக்க ஆள் வரவில்லை.
வெளியே மைனஸ் பதினான்கு.
எப்படித்தான் வீடு போனானோ என்று ஒரு வாரம் தூங்கவில்லை.
அப்புறம் தூங்கினேன்.

பிறகு ஒரு செப்டம்பரில் கூட்டம் வரவில்லை.
யாரும் அறிவிக்கவில்லை, யாரும் சண்டை போடவில்லை.
இனி கித்தார்தான் என்றார்கள்.
அதே பையன்கள் ஒட்டிய கால்சட்டையோடு வந்தார்கள்;
கோட்டும் சின்னது, கொக்கிக்கு வசதி.
முதலாளி ஸ்வாவோமிர் சனிக்கிழமைகளைக்
கல்யாண விருந்துக்கு விட்டார். அக்கார்டியன் வந்தது.
கொக்கிகள் அசையவே இல்லை.
நான் குறுக்கெழுத்து போட்டேன்.
ஜாக்கெட்டைத் தேவாலய நன்கொடைப் பெட்டிக்குக் கொண்டுபோனேன்.
அங்கிருந்த அம்மாள் இரு விரலால் தூக்கிப் பார்த்து
'இதை ஏழைகள்கூடப் போடமாட்டார்கள்' என்றாள்.

அதற்கப்புறம் அமெரிக்கா
தானே கண்டுபிடித்ததுபோல் அதைத் திருப்பி அனுப்பியது.
விளையாட்டு மைதானங்கள், வாணவேடிக்கை,
ஒரு டிஜேவுக்கு நாற்பதாயிரம் பேர் என்றார்கள்.
இருக்கலாம்.
எல்லாம் திறந்தவெளி, எல்லாம் ஜூலை.
கோடையில் எனக்கு வேலை கிடையாது.
அந்தப் புகழ் என் கணக்கில் வராது.

நோய் வந்த இரண்டு குளிர்காலம்
கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டேன்.

போன நவம்பரில் யகோதா என்றொரு பெண்.
ஜாக்கெட் தைத்தபோது அவள் பிறந்திருக்கவில்லை.
'தொண்ணூறுகளுடையதா? நிஜமாகவா? விற்பீர்களா?'
இரவுக்கு மூன்று ஸ்லோட்டி, வாரம் இரண்டு இரவு,
இருபத்துநான்கு வருட வாடகை என்று
பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினேன்.
ஏழாயிரத்து நானூற்றுச் சொச்சம்.
அவள் முகம் சுண்டிப்போனது.
'ஐந்து கொடு' என்றேன்.

பையில் ஒரு டிராம் சீட்டும்
காகிதத்தோடு உருகி ஒட்டிய இருமல் மிட்டாயும் இருந்தன.
சீட்டை வைத்துக்கொண்டாள்.
மிட்டாயை என்னிடம் தந்தாள்.

முக்கால் மணி நேரத்தில்
கழுத்தெல்லாம் வேர்வையாக ஓடி வந்தாள்:
'உள்ளே வெந்துவிடுவேன் போலிருக்கிறது,
இதைக் கொஞ்சம் மாட்டிவையுங்கள்.'
எல்லாக் கொக்கியும் நிறைந்திருந்தது.
ஒன்றே ஒன்றுதான் காலி.
நூற்று நாற்பத்துநான்கில் நடுங்கிக்கொண்டிருந்தது.

டோக்கனைக் கொடுத்தேன்.
எடுக்க வருவாய்தானே என்று கேட்டேன்.
கதவு திறந்திருந்தது,
அவளுக்குக் காதில் விழவில்லை.