மிளகளவு நீர்

மெல்க் ட்ரெஷ் அந்தக் கல்லைக்
கம்பளிக் காலுறைக்குள் போட்டுக் கொண்டுவந்தார்.
கோஷெனனில் ரயிலேறி
பெர்ன் வரை மடியிலேயே வைத்திருந்தாராம்.
மற்ற காலுறை அவர் இடது காலில் இருந்தது.
வலது கால், சப்பாத்துக்குள் வெறுங்கால்.

புகை நிறப் படிகம்.
ஈரத்துணியைப் பிழிகையில்
பாதியில் யாரோ கூப்பிட, அப்படியே விட்டுப்போனதுபோல
லேசாய் முறுக்கிய உடம்பு.
வலம்புரி.
சங்கில்தான் அது லட்சத்தில் ஒன்று,
குவார்ட்சில் வலமும் இடமும் சரிபாதி.
அதே சிலிக்கன், அதே ஆக்சிஜன்,
படி ஏறும் திசை மட்டும் வேறு.

உள்ளே மிளகளவு நீர்.
நீருக்குள் ஒரு குமிழி.
கல்லைச் சாய்த்தால்
கொத்தனின் ரசமட்டத்தில் போல
அது மேட்டைத் தேடி நகர்ந்தது.

"இடுக்குக்குள் நான் கைவிட்டபோது
பனி உருகிய தண்ணீர். முழங்கை வரை மரத்துப்போச்சு.
இந்தக் கல் வளரும்போது
அங்கே எப்படி இருந்தது, சூடா?"
இவ்வளவுதான் அவர் கேள்வி.

"அறுத்தால் சொல்லலாம்" என்றார் டாக்டர் ரூஃபெனாக்ட்.
ட்ரெஷ் காப்பியைக் குடித்து முடித்தார்.
கோப்பையின் அடியைப் பார்த்தார்.
"பாதி. குமிழி இல்லாத பாதி."

அறுப்பது என் வேலை.
வைர விளிம்புத் தட்டு, சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்,
அவசரமில்லாத மோட்டார்.
சூடேறக் கூடாது. சூடேறினால்
கல் பிறகு பொய் சொல்லும்.
இருபுறமும் தேய்த்து, மினுக்கி,
இரண்டு தலைமயிரின் கனத்துக்குக் கொண்டுவந்தபோது
புகையைக் காணவில்லை.
சிலிக்கன் உட்கார வேண்டிய இடத்தில்
அங்கங்கே அலுமினியம் உட்கார,
கிரானைட்டின் கதிர்வீச்சு
கோடிக் கணக்கான ஆண்டு பட்டுப்பட்டு ஏறிய கறுப்பு
இவ்வளவு மெல்லிய சீவலில்
ஒன்றுமே இல்லை.
ஆனால் நுண்ணோக்கியில்
நூற்றுக்கணக்கில் சின்னஞ்சிறு நீர்க்கூடுகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு குமிழி,
நடுங்கிக்கொண்டே.

கல்லில் நார் உரிக்க முடியாது என்பார்கள்.
சரி. வெப்பநிலை உரிக்கலாம்.

முதலில் உறையவைத்தோம்.
கடைசிப் பனித்துணுக்கு கரைந்தது
சுழியத்துக்குக் கீழே மூன்று புள்ளி ஒன்றில்.
அப்படியென்றால் உப்பு. கடலைவிடச் சற்றுக் கூட.
பிறகு சூடேற்றினோம்.
தொண்ணூறில் குமிழி சிறுத்தது.
நூற்றுப் பத்தில் கடுகு,
நூற்று முப்பதில் ஊசிமுனை,
நூற்று முப்பத்தாறில்
கண் இமைத்தேன், இல்லை.
ஆறவிட்டதும் சட்டென்று வந்து நின்றது,
எங்கும் போகாததுபோல.
மறுபடி: நூற்று முப்பத்தாறு.
மறுபடி: முப்பத்தேழு.

"இதற்குக் குறையாது என்றுதான் சொல்ல முடியும்"
என்றார் ரூஃபெனாக்ட்.
"மேலே எவ்வளவு என்பது
அன்று தலைமேல் இருந்த மலையின் எடையைப் பொறுத்தது.
அந்த மலை இப்போது இல்லையே."

இதைச் சொல்லத்தான் ட்ரெஷை அழைத்தேன்.
அவர் முந்திக்கொண்டார்.
தன் பாதியைக் கொட்டகை ஜன்னலில் வைத்திருக்கிறார்.
ஞாயிறு இரவு மைனஸ் பதினெட்டு.
உள்ளிருந்த நீர் பனியாகிப் பருத்திருக்கிறது,
குமிழி விட்டுக்கொடுத்த இடம் போதவில்லை.
காலையில் அடுப்பருகே கொண்டுவந்தபோது
குறுக்கே ஒரு விரிசல்,
விரிசலில் ஈரம்.

வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்" என்றார்.
"கரிச்சது."

ஒன்றரைக் கோடி ஆண்டு
யாரும் வாய் வைக்காத தண்ணீர்.
நான் எண் எதையும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

குறிப்பேட்டில், மைனஸ் மூன்று புள்ளி ஒன்றுக்கு நேரே,
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
உப்பு உண்டு. வேறொரு முறையிலும் சரிபார்க்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை ரூஃபெனாக்ட் அதைப் படித்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்,
"எந்தக் கருவி?"