இரண்டு விறகு

ராச்சா மலையில், ரியோனி ஆற்றுக்கு மேலே
எங்கள் பள்ளிக்கூடம்.
ஒன்பது பிள்ளைகள், ஓர் இரும்பு அடுப்பு.
நவம்பர் பிறந்தால் தினம் ஆளுக்கொரு விறகு
வீட்டிலிருந்து வரும்.
இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

பாடத்திட்டத்தில் இருப்பது மாதம் ஒரு நற்பண்பு.
வண்ணத்தாளாகச் சுருட்டி, குழாயில் அடைத்து
திபிலிசியிலிருந்து அனுப்புவார்கள்.
அக்டோபருக்கு ஒழுங்கு: பல் துலக்கும் முயல்.
நவம்பருக்கு நேர்மை: அதே முயல்,
கரடி தொலைத்த பணப்பையைக் கரடியிடமே நீட்டுகிறது.
“எங்கள் வீட்டில் பணப்பையே இல்லையே” என்றாள் த்சியாலா.
நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்,
காதில் விழாதவள் போல.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வருகிறார் என்று தொலைபேசி.
திங்கள் மாலை எல்லோரும் போன பிறகு
பத்ரியை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.
அவனுக்குச் சொல் தொண்டையில் சிக்கும்.
தன் பெயரின் முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள்
ஒரு மர லாரி பாலத்தைத் தாண்டிவிடும்.

“உனக்கு இருமல் இருக்கிறதே” என்றேன்.
இல்லை என்று தலையசைத்தான்.
“நாளைக்கு இருக்கும்.”
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
பிறகு, எனக்காக,
ஒருமுறை இருமினான்.

ஆய்வாளர் நல்ல மனிதர்.
ஈரக் காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்.
முயலைப் பார்த்தார், மகிழ்ந்தார்.
நேர்மை என்றால் என்ன என்று கேட்டார்.
எட்டுக் கைகள் உயர்ந்தன.
ஷால்வா ஒப்பித்தான்
நான் உருப்போட வைத்ததை, கால்புள்ளி பிசகாமல்.

“அந்த இடம் யாருடையது?”

எட்டுத் தலைகளும் திரும்பின,
காலி இடத்தின் பக்கம் அல்ல, என் பக்கம்.
குற்றம் சாட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.
விடை தெரியாத கணக்குக்குக் கரும்பலகையைப் பார்ப்பார்களே,
அப்படிப் பார்த்தார்கள்.

“காய்ச்சல்” என்றேன்.

இருமல் என்றுதான் பேசி வைத்திருந்தோம்.
பதற்றத்தில் நோயை முற்றவிட்டுவிட்டேன்.

பதிவேடு எழுதுவது அந்த வாரம் த்சியாலாவின் முறை.
பத்ரியின் பெயருக்கு நேரே
காய்ச்சல் என்று எழுதினாள்.
முத்து முத்தான கையெழுத்து,
நான் பழக்கியது.

அன்று அடுப்பு வழக்கத்தைவிட முன்னதாக அவிந்தது.
ஆய்வாளர் மேலங்கியைக் கழற்றாமலே தேநீர் குடித்தார்.

புதன்கிழமை காலை பத்ரி வந்தான்.
கக்கத்தில் இரண்டு விறகு.
ஒன்றை அடுப்பில் இட்டான்.
மற்றதைக் கையில் பிடித்தபடி
“நே… நே…” என்று தொடங்கினான்.
சுவரில் இருந்த சொல்லைத்தான் சொல்லப்போகிறான் என்று
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

யாரும் அவனுக்காக முடித்துக் கொடுக்கவில்லை.
அது இந்த வகுப்பில் எப்படியோ வந்த பழக்கம்,
நான் சொல்லித் தந்ததில்லை.
காத்திருந்தோம்.
கூரையிலிருந்து பனி ஒரு பொதியாகச் சரிந்து விழுந்தது.

“நேற்றையது” என்றான்,
விறகைக் கீழே வைத்தான்.

“காய்ச்சல் விட்டதா?” ஷால்வா கேட்டான்.
பத்ரி என்னைப் பார்க்கவில்லை.
“விட்டது.”
அந்தச் சொல் மட்டும்
எங்கும் சிக்காமல் வந்தது.

வியாழக்கிழமை தசமக் கணக்கு.
புள்ளியை நகர்த்திக்கொண்டே, முதுகைக் காட்டியபடி,
சாக்பீஸிடம் சொல்வது போலச் சொன்னேன்:
“அவனுக்குக் காய்ச்சல் இல்லை.
வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.”

திரும்பினேன்.

“தெரியும்” என்றாள் த்சியாலா.
“பதிவேட்டில் அடித்துவிட்டு மாற்றி எழுதட்டுமா?”
“என்னவென்று எழுதுவாய்?”
அவள் பேனா மூடியைக் கடித்தாள்.
இன்னும் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் பின்வரிசையில் பத்ரி கையைத் தூக்கினான்,
கரும்பலகையைக் காட்டி.
“பு… பு…”

பார்த்தேன்.
புள்ளி ஓரிடம் தள்ளித்தான் விழுந்திருந்தது.
அழிப்பானை எடுத்துக்கொண்டு,
அழிக்காமல்,
அவன் சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.